காரில் மஞ்சள் விளக்கு எரிகிறதா? உஷார்! 2 இழை வயர் அறுந்தால் ஏ.பி.எஸ். பிரேக் வேலை செய்யாது

குன்னம்:-

காரை "ஸ்டார்ட்" செய்கிறார்கள். டாஷ்போர்டில் மஞ்சள் நிறத்தில் "ஏ.பி.எஸ்." என்ற எழுத்து எரிகிறது. சிறிது நேரத்தில் அணைய வேண்டிய அந்த விளக்கு அணையாமல் நிற்கிறது.

"எரிஞ்சா எரியட்டும். பிரேக் நல்லாத்தானே பிடிக்குது?" என்று சொல்லிவிட்டுப் பலர் அப்படியே மாதக் கணக்கில் காரை ஓட்டுகிறார்கள்.

வேறு சிலர் விளக்கு கண்ணை உறுத்துகிறது என்று அதன் மேல் கறுப்பு டேப்பை ஒட்டி விடுகிறார்கள்!

இது ஆபத்தான வேலை. அந்த விளக்கு எரிந்தால், திடீர் பிரேக் போடும்போது சக்கரம் வழுக்காமல் காப்பாற்றும் கருவி படுத்து விட்டது என்று அர்த்தம்.

அது படுப்பதற்குப் பல காரணங்கள் உண்டு. ஆனால் பட்டறைகளில் அடிக்கடி அகப்படும் காரணம் மிகச் சின்னது. சக்கரத்துக்குப் பக்கத்தில் ஓடும் ஒரு வயர் அறுந்திருக்கும். சுண்டு விரல் தடிமன் கூட இல்லாத வயர். உள்ளே இருப்பது 2 இழைதான்.

களிமண்ணும் மக்காச்சோளமும்

குன்னம், பெரம்பலூர் மாவட்டத்தில் உள்ள தாலுகா தலைநகர். குன்னம் சட்டசபைத் தொகுதி பெரம்பலூர், அரியலூர் ஆகிய 2 மாவட்டங்களிலும் பரவி இருக்கிறது.

இங்கே கரிசல் மண் அதிகம். ஐப்பசி, கார்த்திகை மழையில் டிராக்டர் சக்கரத்தோடு ஒட்டிக்கொண்டு வயல் சேறு ரோட்டுக்கு வந்து விடும். அதன் மேல் தூறல் விழுந்தால் தார் ரோடு சோப்புப் போட்ட தரை மாதிரி ஆகிவிடும்.

அறுவடைக் காலத்தில் வேறு தொல்லை. பெரம்பலூர் மாவட்டத்தில் மக்காச்சோளம் முக்கியமான பயிர். களம் போதாததால் ரோட்டிலேயே ஒரு பக்கம் சோளத்தைக் கொட்டிக் காயப்போடுவது வழக்கம். காய்ந்த சோளம் டயருக்கு அடியில் கோலிக்குண்டு மாதிரி உருளும்.

அரியலூர்ப் பக்கம் போனால் சிமெண்டு ஆலைகளுக்குச் சுண்ணாம்புக் கல் ஏற்றிச் செல்லும் லாரிகள். இத்தனைக்கும் நடுவே ஆடு, மாடு, சைக்கிள், பள்ளிக்கூடப் பிள்ளைகள்.

இப்படிப்பட்ட ரோட்டில் ஓடும் காருக்கு ஏ.பி.எஸ். அலங்காரப் பொருள் அல்ல.

ஏ.பி.எஸ். என்ன செய்கிறது?

திடீர் என்று பிரேக்கை அழுத்தி மிதித்தால், ஈர ரோட்டில் சக்கரம் சுற்றாமல் "லாக்" ஆகிவிடும். சுற்றாத சக்கரம் சறுக்கும். ஸ்டீரிங்கை எந்தப் பக்கம் திருப்பினாலும் கார் நேராகத்தான் போகும்.

60 கிலோ மீட்டர் வேகத்தில் போகும் கார் ஒரு நொடியில் 16 மீட்டருக்கு மேல் ஓடி விடும். அந்த ஒரு நொடியில் ஸ்டீரிங் கேட்காவிட்டால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவை இல்லை.

அந்தக் காலத்து அம்பாசடர் டிரைவர்கள் இதற்கு ஒரு வழி வைத்திருந்தார்கள். பிரேக்கை ஒரேயடியாக மிதிக்காமல் விட்டு விட்டு மிதிப்பார்கள்.

அந்த வேலையைத்தான் ஏ.பி.எஸ். செய்கிறது. ஒரு சக்கரம் "லாக்" ஆகப் போகிறது என்று தெரிந்ததும் அந்தச் சக்கரத்துக்கு மட்டும் பிரேக்கைத் தளர்த்தி, மறுபடியும் பிடித்து, மறுபடியும் தளர்த்துகிறது. ஒரு நொடிக்குள் பல தடவை இப்படி நடக்கும். எந்த மனிதக் காலாலும் அந்த வேகத்தில் மிதிக்க முடியாது.

ஜெர்மனியைச் சேர்ந்த போஷ் நிறுவனம் 1978-ம் ஆண்டில் இதை மின்னணு முறையில் தயாரித்து மெர்சிடஸ் பென்ஸ் கார்களுக்குக் கொடுத்தது. அப்போது அது பணக்காரர்களின் காரில் மட்டும் இருந்தது.

இந்தியாவில் 2018 ஏப்ரல் 1 முதல் புதிதாக அறிமுகமாகும் கார் மாடல்களுக்கு ஏ.பி.எஸ். கட்டாயம் ஆக்கப்பட்டது. ஏற்கனவே விற்பனையில் இருந்த மாடல்களுக்கு 2019 ஏப்ரல் 1 முதல் கட்டாயம் ஆனது. அதனால் இன்று சாதாரணக் குடும்பங்கள் வைத்திருக்கும் சின்னக் காரிலும் அது இருக்கிறது.

ஒன்றை மட்டும் ஞாபகத்தில் வைக்க வேண்டும். ஏ.பி.எஸ். மந்திரம் அல்ல. உதிரிச் சோளம், ஜல்லி, மணல் மேல் பிரேக் போட்டால் கார் நிற்க முன்பை விடக் கூடுதல் தூரம் கூட ஆகலாம். ஆனால் ஸ்டீரிங் டிரைவர் கையில் இருக்கும். எதிரே வருவதை விட்டு ஒதுங்க முடியும்.

வயருக்கு என்ன வேலை?

சக்கரம் சுற்றுகிறதா, நின்றுவிட்டதா என்பது ஏ.பி.எஸ். பெட்டிக்கு எப்படித் தெரியும்?

சக்கரத்தோடு சேர்ந்து ஒரு வளையம் சுற்றுகிறது. பழைய மாடலில் அது பல் வெட்டிய இரும்பு வளையம். புதிய மாடல்கள் பலவற்றில் பேரிங்கின் ஓரத்திலேயே காந்தம் பதித்த வளையம் இருக்கிறது.

வளையத்துக்கு எதிரே மயிரிழை இடைவெளியில் "சென்சார்" நிற்கிறது. ஒவ்வொரு பல்லும் கடக்கும்போது அது ஒரு மின் துடிப்பை அனுப்பும். துடிப்பு வேகமாக வந்தால் சக்கரம் வேகமாகச் சுற்றுகிறது. நின்று போனால் சக்கரமும் நின்று விட்டது.

4 சக்கரத்துக்கும் 4 சென்சார். அவற்றின் சேதியைப் பெட்டிக்குக் கொண்டு போவதுதான் அந்த 2 இழை வயர்.

வயர் அறுந்தால் சேதி போகாது. தப்பான சேதியை நம்பி பிரேக்கைத் தளர்த்தி விடக் கூடாதே என்று பெட்டி தானாகவே ஒதுங்கிக் கொள்ளும். மஞ்சள் விளக்கை எரிய விடும்.

சாதாரண பிரேக் அப்போதும் வேலை செய்யும். அதனால்தான் ஏமாந்து போகிறார்கள். காய்ந்த ரோட்டில் எந்த வித்தியாசமும் தெரியாது. வழுக்கும் ரோட்டில், அவசரத்தில்தான் தெரியும்.

மஞ்சள் விளக்கோடு சிவப்பு பிரேக் விளக்கும் சேர்ந்து எரிந்தால் விஷயம் இன்னும் மோசம். முன் சக்கரம், பின் சக்கரம் ஆகியவற்றுக்கு பிரேக்கைப் பங்கிட்டுக் கொடுக்கும் ஏற்பாடும் போயிருக்கலாம். பிரேக் ஆயில் குறைந்திருக்கவும் கூடும். அப்படியானால் காரை ஓரம் கட்டிப் பார்க்க வேண்டும். அசட்டையாக ஓட்டக் கூடாது.

வயர் ஏன் அறுகிறது?

இந்த வயர் என்ஜினுக்குள் பத்திரமாக இருப்பது இல்லை. மட்கார்டுக்கு அடியில் சேறு, தண்ணீர், கல் எல்லாம் படும் இடத்தில் ஓடுகிறது. முன் சக்கரத்தில் ஸ்டீரிங் திரும்பும்போதெல்லாம் அதுவும் வளைய வேண்டும். பள்ளத்தில் சக்கரம் ஏறி இறங்கும்போதெல்லாம் நீண்டு சுருங்க வேண்டும்.

அது சேதம் ஆகும் வழிகள் வருமாறு:-

ரோட்டில் கிடக்கும் கட்டுக்கம்பி, சோளத்தட்டை ஆகியவை சக்கரத்தில் சுற்றி வயரை இழுத்து விடும்.

எலி கடித்து விடும். சோள மூட்டை அடுக்கிய கொட்டகைக்குப் பக்கத்தில் காரை நிறுத்துகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். தானியம் தேடி வரும் எலி, காரின் அடியில் புகுந்து வயரில் பல்லைத் தீட்டிவிட்டுப் போகும்.

ஷாக் அப்சர்பர், பேரிங் மாற்றும்போது வயரைப் பிடித்திருக்கும் "கிளிப்"பைக் கழற்றுவார்கள். திரும்ப மாட்ட மறந்து விடுவார்கள். தொங்கும் வயர் டயரில் உரசி உரசித் தேய்ந்து போகும்.

பிரேக் வேலை செய்யும்போது கனமான "காலிப்பர்" வயரில் தொங்கினால் உள்ளே இழை அறுந்து விடும். வெளியே ரப்பர் நன்றாகவே இருக்கும்.

கண்டுபிடிப்பது எப்படி?

முதலில் "ஸ்கேனர்" மாட்ட வேண்டும். எந்தச் சக்கரத்தில் கோளாறு என்று அது காட்டும். ஆனால் "சென்சார் சரி இல்லை" என்று அதில் வந்த உடனே புது சென்சார் வாங்க ஓடக் கூடாது. சென்சார் கெட்டாலும் அதே சேதிதான். வயர் அறுந்தாலும் அதே சேதிதான்.

விளக்கு எப்போது எரிகிறது என்பதிலும் துப்பு இருக்கிறது. சாவி போட்ட உடனே எரிந்து அணையவே இல்லை என்றால் வயர் அறுந்திருக்க வாய்ப்பு அதிகம். கார் சிறிது தூரம் ஓடிய பிறகு எரிந்தால் வளையம், இடைவெளி, பேரிங் ஆகியவற்றையும் பார்க்க வேண்டும். பள்ளத்தில் இறங்கும்போதோ, திருப்பத்திலோ மட்டும் எரிந்தால் வயர் பாதி அறுந்து ஊசலாடுகிறது என்று சந்தேகிக்கலாம்.

பிறகு காரை நன்றாகத் தாங்கு கொடுத்துத் தூக்கி, ஸ்டீரிங்கை ஒரு பக்கம் முழுவதும் திருப்பி, வயரைக் கையால் தடவிப் பார்க்க வேண்டும். வெறும் ஜாக்கியை நம்பி அடியில் புகக் கூடாது.

மீட்டர் வைத்துப் பார்ப்பதில் ஒரு ஆபத்து உண்டு. பழைய மாடல் சென்சாருக்குள் வெறும் கம்பிச்சுருள்தான். அதில் ஓம்ஸ் பார்க்கலாம். பெரும்பாலும் ஆயிரம் ஓம்ஸை ஒட்டி, முன்னே பின்னே காட்டும்.

புதிய மாடல் சென்சாருக்குள் மின்னணுச் சில்லு இருக்கிறது. அதில் ஓம்ஸ் பார்த்து ஒன்றும் தெரிந்து கொள்ள முடியாது. "லைட் எரியுதா பார்ப்போம்" என்று பேட்டரியில் இருந்து நேராகக் கரண்ட் கொடுத்தால் நல்ல சென்சாரும் கருகி விடும். கனெக்டரைக் கழற்றி, சாவி போட்டு, பெட்டியில் இருந்து வோல்ட் வருகிறதா என்று மட்டும் பார்க்க வேண்டும்.

டேப் சுற்றினால் போதுமா?

போதாது!

அறுந்த 2 முனையையும் முறுக்கி டேப் சுற்றினால் விளக்கு அணைந்து விடும். காரை எடுத்துக்கொண்டு போய் விடுவார்கள். முதல் மழையில் டேப்புக்குள் தண்ணீர் புகும். தாமிரத்தில் பச்சைக் களிம்பு ஏறும். மறுபடியும் விளக்கு எரியும். அதுவும் மழை நாளில், ஏ.பி.எஸ். தேவைப்படும் நேரத்தில்!

ஒழுங்காக ஒட்டுப்போடும் முறை வருமாறு:-

முதலில் சாவியை எடுத்து, பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்ற வேண்டும்.

அறுந்த இடத்தில் தாமிரம் கறுத்தோ, பச்சை பிடித்தோ இருந்தால் பளபளப்பான தாமிரம் வரும் வரை வெட்டித் தள்ள வேண்டும். களிம்பு மேல் போட்ட ஒட்டு நிலைக்காது. வெட்டியதில் வயர் குட்டையாகி விட்டால் அதே தடிமன் உள்ள வண்டி வயரைச் சேர்க்க வேண்டும். வீட்டு வயர் கூடாது.

2 இழையையும் ஒரே இடத்தில் வெட்டக் கூடாது. ஒரு ஒட்டு இங்கே என்றால் இன்னொரு ஒட்டு 2, 3 சென்டி மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். அப்போதுதான் ஒன்றோடு ஒன்று உரசி "ஷார்ட்" ஆகாது. ஒட்டும் குண்டாக இருக்காது.

சூடு காட்டினால் சுருங்கும் குழாயை ஒட்டுப் போடுவதற்கு முன்பே வயருக்குள் மாட்டிவிட வேண்டும். முடித்த பிறகு ஞாபகம் வந்து தலையில் அடித்துக் கொள்கிறவர்கள் உண்டு! குழாய் உள்பக்கம் பசை தடவியதாக இருக்க வேண்டும். சாதாரணக் குழாய் தண்ணீரைத் தடுக்காது.

இழைகளை உலோகக் குழலில் செருகி அதற்கு உரிய குறடால் நசுக்க வேண்டும். சாதாரணக் கட்டிங் பிளேயரால் நசுக்கினால் பிடிப்பு இருக்காது. நசுக்கிய பிறகு இழுத்துப் பார்க்க வேண்டும். கழன்று வந்தால் அது ஒட்டு அல்ல.

ஈயம் வைத்துப் பற்ற வைப்பவர்களும் இருக்கிறார்கள். ஆடாத இடத்தில் அது பரவாயில்லை. ஆடும் இடத்தில் கூடாது. ஈயம் இழைகளுக்குள் ஓடி வயரைக் குச்சி மாதிரி விறைக்கச் செய்து விடும். ஈயம் முடியும் இடத்தில் வயர் ஒடிந்து போகும்.

2 இழையையும் இடம் மாற்றி இணைக்கக் கூடாது. வயர் முறுக்கியபடி வந்திருந்தால் ஒட்டுக்குப் பிறகும் அதே மாதிரி முறுக்கி விட வேண்டும். பக்கத்து வயர்களின் இரைச்சல் சேதியில் கலக்காமல் இருக்கத்தான் அந்த முறுக்கு.

கடைசியில் எல்லாவற்றுக்கும் மேலே இன்னொரு பசைக் குழாயைச் சுருக்கி விட வேண்டும்.

ஒட்டே போடக் கூடாத இடம்

காரின் உடம்போடு ஒட்டி நேராக ஓடும் பகுதியில் வயர் அறுந்திருந்தால் ஒட்டுப் போடலாம்.

உடம்பில் இருந்து சக்கரத்துக்குத் தாவும் பகுதியில் அறுந்திருந்தால் ஒட்டுப் போடக் கூடாது. அந்த இடம் ஓயாமல் வளைகிறது. எவ்வளவு நல்ல ஒட்டும் அங்கே தாங்காது. வயரோடு சேர்ந்த புது சென்சார் வாங்கி மாட்டுவதுதான் சரி.

வயரில் எங்குமே ஒட்டுப் போடக் கூடாது என்று சொல்லும் கார் நிறுவனங்களும் உண்டு. அந்த வண்டிக்கு உரிய புத்தகத்தைப் பார்த்துக் கொள்ள வேண்டும். "எப்படியாச்சும் ஒட்டிக் குடுப்பா" என்று மெக்கானிக்கை நெருக்கி, சில ரூபாயை மிச்சம் பிடிப்பது புத்திசாலித்தனம் அல்ல.

புது பேரிங் மாட்டும்போதும் கவனம் தேவை. காந்த வளையம் பதித்த பக்கம் சென்சாரைப் பார்த்து இருக்க வேண்டும். திருப்பி மாட்டினால் சக்கரம் நன்றாகச் சுற்றும், ஆனால் சேதி வராது. வயரை எத்தனை தடவை சோதித்தாலும் கோளாறு அகப்படாது!

வேலை முடிந்ததா?

வயரைப் பழைய வழியிலேயே கொண்டு போய் எல்லா "கிளிப்"பிலும் மாட்ட வேண்டும். ஸ்டீரிங்கை இடது கோடி, வலது கோடி வரை திருப்ப வேண்டும். சக்கரத்தைத் தொங்கவிட்டும் பார்க்க வேண்டும். எந்த நிலையிலும் வயர் விறைத்து இழுக்கக் கூடாது. டயரிலும் உரசக் கூடாது.

ஸ்கேனரில் பழைய கோளாறை அழித்துவிட்டு, காரை ஓட்டியபடி 4 சக்கரத்தின் வேகமும் ஒன்றாகக் காட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். 3 சக்கரம் 30 என்று காட்டி, 1 சக்கரம் மட்டும் விட்டு விட்டுக் காட்டினால் வேலை முடியவில்லை.

விளக்கு எரிகிற காலத்தில் ஓட்டித்தான் தீர வேண்டும் என்றால் முன்னே போகும் வண்டிக்கும் உங்கள் காருக்கும் நிறைய இடைவெளி விடுங்கள். ஈர ரோட்டில் மெதுவாகப் போங்கள். அவசரத்தில் அம்பாசடர் டிரைவர் மாதிரி விட்டு விட்டு மிதியுங்கள். ஏ.பி.எஸ். நன்றாக இருக்கும் காரில் அப்படிச் செய்யக் கூடாது. அழுத்தி மிதித்து, காலை எடுக்காமல் ஸ்டீரிங்கைத் திருப்ப வேண்டும். பெடல் காலுக்கடியில் "தடதட" என்று துடித்தால் பயப்பட வேண்டாம். கருவி வேலை செய்கிறது.

மோட்டார் சைக்கிளிலும் உண்டு

125 சி.சி.க்கு மேற்பட்ட மோட்டார் சைக்கிள்களுக்கும் 2018, 2019-ம் ஆண்டுகளில் இதே போல ஏ.பி.எஸ். கட்டாயம் ஆனது. பல வண்டிகளில் முன் சக்கரத்துக்கு மட்டும் இருக்கும்.

அதிலும் இதே சென்சார், இதே வயர்தான். பஞ்சர் பார்க்க முன் சக்கரத்தைக் கழற்றும்போது வயர் இழுபடாமல் பார்த்துக் கொள்ள வேண்டும். 2 சக்கர வண்டியில் முன் சக்கரம் "லாக்" ஆனால் ஆள் கீழேதான்.

பழைய கார் வாங்குகிறீர்களா?

பழைய கார் வாங்குகிறவர்கள் ஒரு சோதனை செய்து பார்க்கலாம். காசு செலவு கிடையாது.

என்ஜினை ஓட விடாமல் சாவியை மட்டும் போட்டு டாஷ்போர்டைப் பாருங்கள். ஏ.பி.எஸ். விளக்கு எரிய வேண்டும். சில நொடியில் அணைய வேண்டும்.

அணையவில்லை என்றால் கோளாறு. எரியவே இல்லை என்றால் அதை விடப் பெரிய சந்தேகம். விளக்கையே பிடுங்கி விட்டுக் காரை விற்கிறார்களோ என்று விசாரிக்க வேண்டும். ஸ்கேனர் மாட்டிப் பார்த்த பிறகே அட்வான்ஸ் கொடுக்க வேண்டும்.

சொந்தக் கார் வைத்திருப்பவர்களும் ஐப்பசி மழை தொடங்கும் முன்பு ஒரு தடவை 4 சக்கரத்துக்கும் பின்னால் டார்ச் அடித்து வயரைப் பார்த்து விடுவது நல்லது. "கிளிப்" கழன்றிருந்தால் அப்போதே மாட்டி விடலாம். 5 நிமிட வேலை. வயர் அறுந்த பிறகு ஆகும் செலவை விட இது குறைவு. வயர் அறுந்தது தெரியாமல் ஈர ரோட்டில் பிரேக் போடுவதை விட எவ்வளவோ மேல்.